பெரும்பாலும் காற்று

சுங்கை டுவா இறால் மீ கடையில்
ஆ ஹெங் எனக்காக ஓடுகளை எடுத்து வைக்கிறார்,
இரண்டு கிலோ, கறுப்புப் பையில், முடிச்சுப் போட்டு.
பேருந்தில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

உமி கெடாவிலிருந்து வருகிறது.
சாம்பலிலிருந்து சிலிக்கா, ஓட்டிலிருந்து கைட்டோசான்:
சோறும் இறாலும் தின்று முடித்த தீவு
எனக்கு மிச்சம் வைத்தது இவ்வளவுதான்.

கலந்தால் கூழ் உறைந்துவிடும்.
கஷ்டம் அதற்குப் பிறகு.
தண்ணீர் சும்மா போகாது,
சுவரைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும்.
மூன்று முறையும் கிடைத்தது சுருங்கிய கல்கண்டு.
நான்காம் முறை
தண்ணீரை விரட்டி எத்தனால்,
எத்தனாலை விரட்டிக் கரியமில வாயு.
கமாருல் கலத்தை முறுக்கி மூடினான்.
முப்பத்தொரு பாகை, நம் மதிய வெயில்தான்;
அழுத்தம் மட்டும் எழுபத்து மூன்று மடங்கு.
அதைத் தாண்டினால் நீர்மத்துக்கும் வாயுவுக்கும் நடுவே கோடு அழிந்துபோகும்.
கோடு இல்லை, இழுக்கக் கையும் இல்லை.
அது வெளியேறியதை ஒரு சுவர்கூட அறியவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம்
மின்னணு நுண்ணோக்கி எங்களுடையது.
திரையில் சிலிக்கா மணிகள்,
அறுந்த மாலைகளை அள்ளிக் குவித்ததுபோல்.
மணியும் மணியும் தொடும் கழுத்து மெலிந்திருக்கும்,
உடைவது எப்போதும் அங்கேதான்.
அந்தக் கழுத்தைச் சுற்றி இறாலின் நார்.

அறை ஒவ்வொன்றும் இருபது நானோமீட்டர்.
காற்றின் ஒரு மூலக்கூறு இன்னொன்றைச் சந்திக்க
எழுபது ஓட வேண்டும்.
ஓடுவதற்குள் சுவர்.
திரும்பினால் சுவர்.
சூடு ஒரு வாய்வழிச் செய்தி;
சொல்ல ஆள் உண்டு, கேட்க ஆள் இல்லை.

ரெலாவில் என் பதினான்காம் மாடியில்
பக்கத்து வீட்டுக் குக்கர் என் தலையணையில் விசில் அடிக்கும்.
அந்த வீட்டுக்காரர் பெயர் தெரியாது.
அவர் மகள் கணக்கில் எத்தனை வாங்கினாள் என்று தெரியும்.

படம் சேமித்து முடிவதற்குள்
சியூ லிங் கையுறை இல்லாமல் தொட்டுவிட்டாள்.
விரல் நனைந்திருக்கவில்லை. பினாங்கு விரல், அவ்வளவுதான்.
பட்ட இடத்தில் கோடி அறைகள் உட்கார்ந்துவிட்டன.
“ஐயோ, சாரி லா.”
ரேகை மிகத் தெளிவாக விழுந்திருந்தது.
குறிப்பேட்டில் எழுதினேன்: மாதிரி நான்கு. ஈரம் தாங்காது.

மிச்சத்தை டிபன் டப்பாவில் எடுத்துப்போனேன்.
வாசலில் காவலர் தவசீலன் தூக்கிப் பார்த்தார்,
எடை இல்லாததால் திறந்தும் பார்த்தார்.
கறுப்பு மேசைமேல் நீலம்,
விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிறிய மஞ்சள்.
“உள்ளே என்ன மிஸ்?”
“பெரும்பாலும் காற்று.”
பேரேட்டை என் பக்கம் திருப்பினார்.
“காத்துக்கு எதுக்கு மிஸ் கையெழுத்து?”