பெக்கியிடம் சொல்ல வேண்டியது

டோங்காட்டில் விடிகாலை என்பது
கரும்பைத் தாண்டி வந்த கடல் ஈரம்:
கண்ணாடியில், கைப்பிடியில், என் முழங்கால் மூட்டில்.
சாவியைத் திருப்பினால்
எழுபத்தெட்டாம் வருடத்து கோம்பி வேன்
இருமும். இருமி ஓயும்.
பதினொரு பிள்ளைகள் பள்ளிப் பையோடு
எத்தனையாவது இருமலில் எழும் என்று
விரல்விட்டு எண்ணுவார்கள்.
தாஷ்லின் ஒன்பது என்றால் ஒன்பதுதான்.
பந்தயம், ஒரு சிப்ஸ் பொட்டலம்.

எழுந்த பிறகும் நிம்மதி கிடையாது.
ரோபோவில், சிக்னலை இங்கே ரோபோ என்போம்,
சிவப்பு விழுந்தால்
நின்ற இடத்தில் நடுங்கும்,
குளித்துவிட்டுத் துண்டு தேடும் குழந்தைபோல.
ஒரே காலின் விரல்கள் பிரேக்கில்,
குதிகால் ஆக்ஸிலேட்டரில்,
அணையாமல் அதட்டிக்கொண்டே
இரண்டு மாதம் ஓட்டினேன்.

பிளக் மாற்றினேன். பாயிண்ட் மாற்றினேன்.
பேட்டரி, கடனுக்கு.
கார்புரேட்டர் இரண்டையும் கழற்றி
சமையலறைத் தொட்டியில் கழுவிப் பூட்டியதில்
ஒரு திருகு மிஞ்சியது.
எங்கே போக வேண்டியது என்று
இன்றுவரை தெரியாது.
கராஜில் தனபாலன் காதைக் கொடுத்துக் கேட்டான்.
"வித்துடு" என்றான்.
அந்த அபிப்பிராயத்துக்கு நூறு ரேண்ட் வாங்கினான்.

பாக்கி இருந்தது பெட்ரோல்.
பங்குக்குப் போய், வரிசை முழுக்கக் கேட்க,
தண்ணீர் கலக்கிறாய் என்று
பெக்கியைத் திட்டினேன்.
தமிழில் எனக்கிருக்கும் மூன்று வசவில் தொடங்கி,
ஆங்கிலத்தில் ஏறி,
தெரிந்த ஆறு சூலு வார்த்தையில் முடித்தேன்.
அவன் தொப்பியைக் கழற்றினான்.
திரும்பப் போட்டுக்கொண்டான்.

வியாழன் இரவு மின்வெட்டு.
தூறல் நின்று, தெரு முழுக்கக் கரி.
எஞ்சினை ஓடவிட்டு, மூடியைத் தூக்கி,
பின்னால் மண்டியிட்டிருந்தேன்.
டார்ச்சும் செத்தது.
அப்போதுதான் பார்த்தேன்:
ஒயர்களின் மேல் நீல நூல்கள்.
பிளக்குக்குப் போக வேண்டிய பொறி
பாதி வழியில் இறங்கி
ஈரத்தைப் பிடித்துக்கொண்டு
இரும்பு இரும்பாய்த் தாவி விளையாடுகிறது.
அழகாகத்தான் இருந்தது, சனியன்.
தெருவிளக்கு எரிந்திருந்தால்
கடைசிவரை கண்ணில் பட்டிருக்காது.

புது ஒயர் போட்ட காலை
இரண்டாவது சுற்றில் எழுந்தது.
தாஷ்லின் சிப்ஸைத் தோற்றான்.
நான் பாட்டுப் பாடாத குறை.
முதல் ரோபோவில் பழைய நடுக்கம்.

இரண்டு மாதமாய் ஒரே திருடனைத் தேடியிருக்கிறேன்.
வீட்டுக்குள் இருந்தது இரண்டு பேர்.

தோட்டக் குழாயில் ஒரு முழம் அறுத்து
ஒரு முனை காதில், மறுமுனை எஞ்சினில்,
வைத்தியர்போல் ஊர்ந்து போனேன்.
பிரேக்குக்குக் காற்றை இழுக்கும் ரப்பர்க் குழாயின் அடியில்
'ஸ்ஸ்' என்றது.
நகக்கீறல் அளவு வெடிப்பு.
கட்டைவிரலை வைத்தேன், நடுக்கம் நின்றது.
எடுத்தேன், வந்தது.
வைத்தேன். எடுத்தேன்.
நம்ப மனம் வராமல் நாலைந்து தடவை,
விரல் சுடச் சுட.
அந்த ரப்பர் முப்பத்தெட்டு ரேண்ட்.

இன்று பங்கில் எஞ்சினை அணைத்தேன்.
திரும்ப எழுமா என்ற பயமில்லாமல்
இரண்டு மாதத்தில் முதல் தடவை.
பெக்கி எப்போதும்போல் வந்தான்.
"எவ்வளவு, ஆண்ட்டி?"
முந்நூறு என்றேன்.
அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன்.
தொண்டை சுற்றியது. பிடிக்கவில்லை.
இன்னொரு தடவை. பிடிக்கவில்லை.
மீட்டரில் எண்கள் ஓடின.
நூற்றெண்பதில்,
"உன் பெட்ரோல்ல ஒண்ணும் இல்ல, பெக்கி.
என் ஒயர்" என்றேன்.
குழாய் என்பது விட்டுப்போயிற்று.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
பின்பக்க இடது டயரைக் காலால் தட்டி
"காத்து குறைவு" என்றான்.
ஹோஸை இழுத்துக்கொண்டு
குனிந்து உட்கார்ந்தான்.