இந்த வாரம் பூஜ்யம்

திங்கட்கிழமைதோறும் ஒரகடத்திலிருந்து
அட்டவணை வரும்.
இடது கீல் எத்தனை, வலது கீல் எத்தனை,
எந்த ஷிப்டுக்கு எந்த கேட்.
இந்தத் திங்கள்
கட்டத்துக்குக் கட்டம் பூஜ்யம்.
சனிக்கிழமைக் கட்டம் மட்டும் காலி.

ராணிப்பேட்டை சிப்காட்டில்
தோல் ஷாப்பு நாற்றம் முடியும் இடத்தில்
நாங்கள் கார்க் கதவுக்குக் கீல் அடிக்கிறோம்.
செலான் எழுதுவது என் வேலை.
எட்டு வருடத்தில் எத்தனை லட்சம் கதவு!
நான் காருக்குள் உட்கார்ந்தது ஒரே முறை,
பிரஸ்ஸில் சம்பங்கியின் விரல் போன அன்று.
முன் சீட்டில் அவன்,
பின் சீட்டில் நான்,
என் மடியில் ஐஸ் டப்பாவில் விரல்.
சி.எம்.சி. வாசலில் இறங்கும்போதும்
கதவின் கீலைத்தான் பார்த்தேன்.
நம்முடையது இல்லை.

வண்டி விற்காத மாதங்களை
கம்பெனி எப்படிச் சமாளிக்கும் என்று
கடிதங்களைக் கோப்பில் போட்டே கற்றுக்கொண்டேன்.
கதவடைப்புக்குப் பெயர் பராமரிப்பு நாள்.
நாற்பத்தைந்து நாளில் வந்த பணம்
நூற்றிருபது நாளில் வரும்.
கீலுக்கு மூன்று ரூபாய் குறைக்க வேண்டும், ஏனென்றால்
'நாம் ஒரே குடும்பம்.'
அந்த வரியை முதலாளி எத்திராஜுலு
இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.
பிறகு பேங்க் மேனேஜரைப் பார்க்க
வாலாஜாவுக்கு பஸ்ஸில் போனார்.
அவருடைய கார் ஏற்கெனவே பேங்கில் இருந்தது.

வியாழக்கிழமை டீக்கடை டிவியில்
கடல் தாண்டிய தாய்க் கம்பெனிக்கு
அந்த நாட்டு அரசு பணம் கொடுத்தது.
எத்தனை சைபர் என்று எண்ணுவதற்குள்
விளம்பரம் வந்துவிட்டது.
அது விழுந்தால் நாடே விழுமாம்,
அதனால் விழ விடமாட்டார்களாம்.
'அப்போ நாம வுழுந்தா
சத்தமாவது கேக்குமாக்கா?' என்றான் சம்பங்கி.
மாஸ்டர் சொன்னார்,
'இங்கயும் வரியைக் கொறைச்சிட்டாங்களே,
கீழ வரைக்கும் வந்துடும்பா.'
'பாலாத்துல தண்ணி வுட்டாங்கன்னு
வருஷா வருஷம்தான் சொல்லிகினு இருக்காங்க.
அணைக்கட்டாண்ட போய்ப் பாரு.
மணலு குடிச்சிட்டுதான் மிச்சம்.'
டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.
கணக்கில் எழுத விடவில்லை.

குடோனில் நாலாயிரத்து முந்நூறு கீல்.
துருப்பிடிக்கக் கூடாதென்று
வாரம் ஒருமுறை எண்ணெய் தடவுகிறோம்,
அதற்கு மட்டும் மூன்று பேருக்குச் சம்பளம்.
ஒவ்வொன்றாய் மடக்கி விரித்துப் பார்க்கிறான் சம்பங்கி.
நாலு விரலுக்கும் பழகிவிட்டது.
எங்கேயும் போகாத கதவு
எத்தனையோ தடவை திறந்து மூடுகிறது.

காலிக் கட்டத்தைக் கேட்க
இன்று காலை ஒரகடத்துக்கு போன் செய்தேன்.
வேறொரு பெண் எடுத்தாள்.
லூர்துநாதன் இல்லையா என்றேன்.
முகம் தெரியாது, எட்டு வருடக் குரல்;
கீல் பத்து குறைந்தாலும் கத்துவார்,
பொங்கலுக்கு மட்டும் மேடம் என்பார்.

'அவரை நிறுத்திட்டாங்க மேடம்.
ஷீட்டு போட்டுட்டிருக்கும்போதே கூப்பிட்டாங்க.'

வெள்ளி வரைக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு
எழுந்து போயிருக்கிறார்.
சனிக்கிழமைக்கு என்ன போட்டுக்கொள்ளட்டும் என்றேன்.
'கேட்டுச் சொல்றேன்' என்றாள்,
யாரிடம் என்று சொல்லாமல்.