மூச்சு எடுக்கும் இடம்

லெஸ்லியின் ஜாஸ் கேசட்
குன்னூரில் மூன்று கை மாறும்.
செவ்வாய் மாதனிடம்:
தேயிலை ஃபேக்டரி, இரவு ஷிஃப்ட்,
இலை வாட்டும் விசிறிகளின் இரைச்சலுக்கு மேலே.
வெள்ளி, பேக்கரியில் மைமூனாவிடம்,
வர்க்கி வேகும்வரை.
எனக்கு ஞாயிறு.

இரண்டாம் பக்கத்தில் ஓரிடம்.
டிரம்பெட் ஏறி ஏறிப் போய்
உச்சிக்கு ஒரு கொண்டை ஊசி வளைவு முன்னால்
நிற்கும்.
மூச்சு இழுக்கிறான்.

இருபத்தேழு வயதில் நின்றுபோன மூச்சு;
டேப்பில் இன்னும் ஈரமாக இருக்கிறது.

அடுத்த சுரம் லேசாகப் பிசகும்.
"பிசகா? மேடேறி வந்தவன்
அப்படித்தான் பேசுவான்" என்றாள் மைமூனா,
அடுப்பிலிருந்து திரும்பாமல்.

பிசகில்லாத பதிவொன்று
வெலிங்டனில் யாரிடமோ இருக்கிறதாம்.
பஸ்ஸில் கால்மணி நேரம்தான்.
மூன்று பேரும்
இன்னும் கேட்டுப் போகவில்லை.