குண்டிக்காய் பன்னிரண்டு

புளியந்தோப்பில் அதன் பெயர் குண்டிக்காய்.
மூணு மணி நேரம் கழித்து
என் நோட்டில் அது சிறுநீரகம்.
இடையில் ஒரு தெர்மாகோல் பெட்டி, மீன் ஐஸ்,
பேசின் பாலத்து நெரிசல்,
ஷேர் ஆட்டோவில் என் மடியைப் பார்த்து
"கேக்கா மேடம்?" என்கிற யாரோ ஒருத்தர்.

தஸ்தகீர் கடையில் ஐந்தே காலுக்கு நிற்கவேண்டும்.
ஆட்டின் சூடு அப்போதுதான் அதில் மிச்சமிருக்கும்.
கொழுப்பு உறையை இரண்டு விரலால் உரித்து
பன்னிரண்டு எண்ணிப் போடுவார்.
"யாரும்மா இவ்ளோத்தயும் துன்றது?"
"யாரும் தின்றதில்லண்ணே.
அது எதத் தின்னுதுன்னு பாக்கறேன்."
சிரிப்பார்.
சில்லறை எண்ணிக்கொண்டே சிரிக்கிற சிரிப்பு.

உண்மையைத்தான் சொன்னேன்.
அரைத்து, சுழற்றி, வடித்தால்
அடியில் தங்குவது தூரிகை விளிம்பு.
நுண்குழாயின் உட்சுவரில் நெருங்கி நின்ற மயிர்கள்,
மயிர்களில் கத்தரிகள்:
நெப்ரிலைசின், மெப்ரின்.
கத்தரியின் திருகாணி இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு துத்தநாக அணு.
பசி அடங்கு என்று வந்த சேதி,
சர்க்கரையை உள்ளே விடு என்று வந்த சேதி,
வேலை முடிந்ததும் எல்லாம்
சிறுநீரகத்துக்கு வந்து துண்டாகும்.
சொல்லி முடித்த சொல்
காதுக்குள் நின்றுகொண்டே இருந்தால்
உடம்பு எப்படித் தூங்கும்?

என்னுடையது முப்பது மணி கோத்த குடல் ஹார்மோன்.
இயல்பாகவே விட்டால்
டீ ஆறுவதற்குள் பாதி காலி.
ஒரே ஒரு மணியைக் கழற்றி
அதன் கண்ணாடிப் பிம்பத்தை அங்கே வைத்தால்
கத்தரி வாய் வைக்கும்,
பிடி கிடைக்காமல் வழுக்கும்.
அந்த வழுக்கலுக்காக மூணு வருஷம்,
ராயபுரத்தில் ரெண்டு வீடு மாறியாயிற்று.

போன செவ்வாய் அது வழுக்கியது.
ரெண்டு மணி நேரம் ஆகியும்
ஒரு மணி உதிரவில்லை.
ஆய்வகத்தில் யாருமில்லை, சத்தமாகவே கத்தினேன்,
பக்கத்துக் குழாயைப் பார்க்கும்வரை.

அதில் இயல்பானது.
அதுவும் முழுசு.

பாட்டில் மாறியிருக்கிறது.
துத்தநாகத்தைப் பிடுங்கிக்கொள்கிற கரைசலை
நானே ஊற்றியிருக்கிறேன்.
என் மணி ஜெயிக்கவில்லை.
வெட்டுகிறவர்கள் அன்றைக்கு
வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

புதன் விடியலில் தூறல்.
தஸ்தகீர் முகமெல்லாம் சந்தோஷம்.
"சுகரு தானா எறங்கிக்கினே வருதும்மா.
இருவத்தெட்டு யூனிட்டு போட்டுக்கினு இருந்தேன்,
இப்போ பத்து.
அதுக்கே சில நாளு காலீல கை ஒதறுது,
ஒரு டீ, ரெண்டு பிஸ்கோத்து, சரியாப்பூடும்.
தர்காவுல சக்கர வாங்கிக் குடுத்துட்டேன்."

கட்டைவிரலில் புதுத் துணிக்கட்டு.
செருப்பை ஓரம் தள்ளினார்.
வார் அழுத்திய பள்ளம்
பாதத்தில் அப்படியே இருந்தது.

பக்கத்துக் குழாய் ஞாபகம் வந்தது எனக்கு.

"ரத்தம் எப்பண்ணே குடுத்தீங்க?"
"வாராவாரம் குத்திப் பாக்குறனே."
"அது சக்கரைக்கு. இது கிரியாட்டினின்."
அந்தச் சொல்லை ஒருமுறை வாயில் உருட்டிவிட்டு விட்டுவிட்டார்.
"நல்லாத்தானேம்மா ஆயிட்டு வருது?"

போட்ட ஊசி போகவேண்டிய நேரத்தில் போகவில்லை,
நேற்றைய பத்தின் மேல் இன்றைய பத்து ஏறுகிறது
என்று சொல்ல வாய் வரவில்லை.
நான் டாக்டர் இல்லை,
பதினெட்டாயிரம் உதவித்தொகை வாங்குகிறவள்.
பில் துண்டின் பின்பக்கம் எழுதினேன்:
ஸ்டான்லி. ஏழரைக்கு டோக்கன்.
கை உதறுவதை முதலில் சொல்லவும்.

அவர் கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார்.
"இதுலயா?"
"அதுலதான்."

தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.
பெட்டியைக் கட்டினார். கயிறு ரெண்டு சுற்று.

பேசின் பாலத்தில் வண்டி நின்றபோது
ஐஸ் சரிசெய்யத் திறந்தேன்.
பதினொன்று.

மூணு வருஷத்தில்
அவருக்கு எண்ணிக்கை தவறியதே இல்லை.