மூன்றாம் நாள்

விளக்குத்தூணில் கம்பளிக் காலுறை கேட்டேன்.
சித்திரை வெயிலில் கடைக்காரர்
முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்.

எல்லீஸ் நகர் மொட்டைமாடியில்
வரைபடத்தை விரித்து
நாலு மூலைக்கும் செங்கல் வைத்தோம்.
உயரக்கோடுகள் நெருக்கியடிக்கும் இடத்தை
கைரேகைக்காரன்போல் தடவினான் குபேந்திரன்.
முதல் நாள் ஒன்பதாயிரம் அடி.
மறுநாள் பதினொன்று.
மூன்றாம் நாள் கூடாரத்தில் சும்மா இருக்க வேண்டும்,
ரத்தம் மலைக்குப் பழகும்வரை.
நாலாம் நாள் கணவாய்.

"சும்மா இருக்கவா இவ்வளவு காசு?"
தமிழ்க்கொடி கேலியாகத்தான் கேட்டாள்.

படிவத்தில் ஒரு கேள்வி:
சுமை தூக்கிப் பழக்கம் உண்டா?
பதினொரு வருடமாய் கேஸ் சிலிண்டர்.
லிஃப்ட் இல்லாத நாலு மாடி,
ஒரு நாளைக்கு முப்பது வீடு,
சில்லறைக்காக வாசலில் நிற்பது தனி.
எழுத இருந்தது அரை வரி.
உண்டு என்று எழுதினேன்.

வெங்காய மண்டித் தராசில்
முதுகுப்பையை நிறுத்தோம்: பன்னிரண்டு கிலோ.
என் தோள் நம்பவில்லை.
குபேந்திரன் கடலைமிட்டாயை எடுத்து வெளியே வைத்தான்.
தமிழ்க்கொடி அதை உள்ளே வைத்தாள்.
இப்படி மூன்று தடவை.

ஞாயிறுதோறும் பாறை சுடுமுன்
யானைமலை ஏறி இறங்குகிறோம்.
முழங்கால் பரவாயில்லை, மூச்சும்.

ராத்திரி பட்டியலைச் சரிபார்த்தேன்.
எல்லா நாளுக்கும் எதிரே ஏதோ இருக்கிறது,
தூரம், தண்ணீர், கிளம்பும் நேரம்.
மூன்றாம் நாளுக்கு எதிரே
பேனாவை வைத்து எடுத்ததில்
ஒரு புள்ளி மட்டும்.

காலையில் பார்த்தால் பக்கத்தில்
யாரோ கிறுக்கியிருக்கிறார்கள்:
சீட்டுக்கட்டு.