கலுங்கில் முப்பத்தொரு மூட்டை

புரட்டாசிக் கடைசியில் அடுக்கியது நாங்கள்தான்.
யூரியா சாக்கில் கரம்பை மண்.
வாய் தைத்தது என் கோணி ஊசி.
கலுங்குக் கல்லுக்கு மேலே ஒரு முழம்.

ஒரு முழம் என்றால்
கதிர் பால் பிடிக்கும்போது இன்னொரு தண்ணீர்.
இந்தச் சீமையில் அதற்காக
அண்ணன் தம்பி பேச்சு முறிந்திருக்கிறது.

விருசுழியாறு
மற்ற நாளெல்லாம் மணல், ஆட்டுப் புழுக்கை,
சீமைக்கருவை, லாரித் தடம்.
தேவகோட்டை பஸ்ஸில் போகிறவர்கள்
இங்கே எதற்குப் பாலம் என்பார்கள்.
கார்த்திகை நாலாம் தேதி ராத்திரி
அது வந்து பதில் சொன்னது.

மேலே இரண்டு கண்மாய் உடைந்து
அந்தத் தண்ணீரும் எங்கள் வரத்துக்காலில்.
பொதுப்பணித்துறையிலிருந்து போன்:
அளவுக்கல்லில் எத்தனை அடி?
கல்லையே காணோம் சார் என்றேன்.

வெள்ளக்கண்ணுதான் பார்த்தான்.
கரையின் வெளிச்சரிவில் ஒரு நண்டு வளை,
சுண்டுவிரல் கனத்துக்கு நீர்.
டார்ச்சைக் கிட்டே பிடித்தோம்.
தெளிவாக வந்தால் கசிவு.
கலங்கி வந்தால்
கரை தன்னைத்தானே கரைத்துக்கொண்டிருக்கிறது.
கலங்கித்தான் வந்தது,
டீக்கடைத் தேநீர் நிறத்தில்.

சாக்கு கொண்டா, சாக்கு கொண்டா என்று
எல்லோரும் கத்தினோம்.
ஊரில் சாக்கு இல்லை.
இருந்த சாக்கெல்லாம் எங்கே இருக்கிறதென்று
ஒவ்வொருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எடுக்கலாம்.
எடுத்தால் மறுகால் ஒரு முழம் கூடிப்
பாயும், கீழே சூசையூருக்கு.
அங்கே நட்டு நாற்பது நாள்.

அமலோற்பவத்தின் நம்பர் என்னிடம் இருந்தது.
போன வருஷம் தாசில்தாரிடம்
என்மேல் மனு கொடுத்தவள்,
கலுங்கை அடைக்கிறார்கள் என்று.
இல்லவே இல்லை என்று
கையெழுத்துப் போட்டவன் நான்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.
சொன்னேன்.
மழை மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.
"எத்தனை?"
"முப்பத்தொண்ணு."
"மொத்தமா உருவிப்புடாதீக.
மும்மூணா எடுங்க.
நான் எங்க மடையத் தொறந்து
ரோட்டுக் கொழாய்கிட்ட ஆள் நிறுத்திட்டுச் சொல்றேன்.
சொன்னதும் அடுத்த மூணு."
வைத்துவிட்டாள்.
திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

புங்க மரத்தில் வடம் கட்டி
இடுப்பில் சுற்றி இறங்கினோம்.
மூன்று மூட்டை.
வடியும் சத்தம் மாறியது.
சுமந்துபோய்க் கரையின் உள்பக்கம்
சுழி தெரிந்த இடத்தில் போட்டோம்.
போனுக்குக் காத்திருந்தோம்.
லாரி ஓட்டும் செகநாதன் பல் கிட்டிக்கச் சொன்னான்:
நாம அடுக்குனப்போ இம்புட்டுக் கனமில்ல.

"ம், எடுங்க" என்பாள்.
மூன்று.
ஒரு தடவை "பொறுங்க" என்றாள்.
அந்தப் பொறுங்க முக்கால் மணி நேரம்.
கரைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தோம்,
காய்ச்சல் பிள்ளை பக்கத்தில் இருப்பதுபோல.

விடியும்போது கலுங்கில் பதின்மூன்று மிச்சம்.
வளையில் வந்த நீர் தெளிந்திருந்தது.
எங்கள் கரை நின்றது.
அவர்கள் கரையும் நின்றது.
நடுவில் மறுகால் ஓடையை ஒட்டி
ஏழு ஏக்கரில் மணல் ஏறிவிட்டது.
அதில் நாலு அமலோற்பவத்தினுடையது.

வி.ஏ.ஓ. வந்து எழுதினார்.
பயிர், பரப்பு, சர்வே எண்.
சேதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம்.
பேனா அங்கே நின்றது.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் என் காலைப் பார்த்தேன்,
விரலிடுக்கெல்லாம் வெளுத்து
சேற்றுப்புண் கண்டிருந்தது.
"மழைன்னு போடுங்க சார்" என்றாள்.

தையில் ஆள் கூட்டிக்கொண்டு போய்
நாலு நாள் மணல் அள்ளிக் கொடுத்தோம்.
காப்பி போட்டுத் தந்தாள்.
சர்க்கரை குறைவு.
அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

உள்பக்கம் போட்ட மூட்டைகளில்
இப்போது கோரை முளைத்திருக்கிறது.
கலுங்குக் கல்லில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு,
அவள் போட்டது, நான் ஏணி பிடித்தேன்.

புரட்டாசி வரும்.
வானம் வெறிச்சென்று கிடக்கும்.
கோணி ஊசி எந்த இறவாணத்தில்
செருகியிருக்கிறதென்று எனக்குத் தெரியும்.