மன்றாட்டில் ஒரு பெயர்

பத்தொன்பதாவது சுற்றில் டிவியை அணைத்தேன்.
தொகுதி நாங்கள் கேட்டபடி.
டெல்லி வேறு யாரோ கேட்டபடி.

தண்டையார்பேட்டை முழுக்க வெடி.
எங்கள் கோவில் கேட்டுக்கு முன்னால்
தொகுதியில் ஜெயித்த பையன்கள்
குவார்ட்டர் பாட்டிலில் ராக்கெட் நட்டுக் கொளுத்துகிறார்கள்.
அவர்களுக்குத்தான் போட்டேன்.

மதுக்கடை வேண்டாமென்று
முப்பது வருஷம் மனு எழுதிய கை இது.
குடும்பம், ஒழுக்கம், பயபக்தி என்று
எனக்குப் பிடித்த வார்த்தைகளையெல்லாம்
மேடையில் பேசியது அந்தக் கட்சிதான்.
பேசிவிட்டு என் கோவிலைப் பார்த்த பார்வை
சரியில்லை.
மை வைத்த விரலை அன்றிரவு
எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன்.

"கர்த்தர் எந்தப் பொத்தானை அழுத்தியிருப்பார்ப்பா?"
பெனினா சிரிக்கிறாள்.
அவர் பேர் இந்த வார்டு லிஸ்டில் இல்லம்மா என்றேன்.
சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான்.
மேலிருந்து பார்த்தால்
எந்தப் பெட்டிக்குள் என்ன, தெரியாது.
எடை மட்டும் தெரியும்.

ஞாயிறு மன்றாட்டு என் முறை.
தேசத்தை ஆளுகிறவர்களுக்காக என்று தொடங்கி
ஒரு பெயர் சொல்ல வேண்டும்.
குளியலறையில் சொல்லிப் பார்த்தேன்.
முதல் தடவை இருமல் வந்தது.
இரண்டாம் தடவை
புகார் கொடுக்கிற குரல்.

பையன்கள் போனபின்
துடைப்பத்தோடு இறங்கினேன்.
கூட்டக் கூட்ட
கடல்காற்று காகிதத்தைத் திரும்ப இறைக்கிறது.
பாதி வெடித்த சரம் ஒன்று
கேட்டடியில் புகைந்துகொண்டிருந்தது.
ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன்,

மூன்றாம் தடவை சொல்லிக்கொண்டே.